ஆட்டோ கஞ்சாச் செடி இப்போது எந்தப் பருவத்தில் இருக்கிறது? ஒரு ஒன்டாரியோ பேஸ்மென்ட் அனுபவம்

எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் வீட்டில் ஆட்டோ கஞ்சா, அதாவது தானாகப் பூக்கும் ரகக் கஞ்சா, வளர்ப்பது தோட்ட வேலையா, குற்றமா என்பது முடிவாகிறது. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தில். 2018 அக்டோபர் 17 அன்று இங்கே கஞ்சாச் சட்டம் அமலுக்கு வந்தது. அதன்படி ஒரு வீட்டில் 4 செடிகள் வரை வளர்த்துக்கொள்ளலாம். ஆளுக்கு நான்கு இல்லை, வீட்டுக்கு நான்கு. வீட்டில் ஆறு பெரியவர்கள் இருந்தாலும் கணக்கு அதேதான். ஒன்டாரியோவில் 19 வயது முடிந்திருக்க வேண்டும், விதையை உரிமம் பெற்ற கடையில்தான் வாங்க வேண்டும். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் வீட்டில் ஒரு செடிகூட வளர்க்கக் கூடாது. வாடகை வீட்டிலோ கான்டோ என்கிற அடுக்குமாடிக் குடியிருப்பிலோ இருப்பவர்கள் ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது. சட்டம் அனுமதித்தாலும் வீட்டுக்காரர் அனுமதிக்காமல் இருக்கலாம்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு: இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சாச் செடி வளர்த்தாலே 10 ஆண்டு வரை கடுங்காவல் கிடைக்கும். ஒரு தொட்டியில் ஒரே ஒரு செடி என்றாலும் வழக்கு வழக்குதான். ஊருக்குப் போகும்போது விதையோ பூவோ எதையும் பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். கனடா எல்லையைத் தாண்டிக் கொண்டுபோவதே இங்கும் குற்றம்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

இங்கே குளிர்காலம் நீளம். வெளியே மண் கல்லாக இறுகிவிடும். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை கை பரபரக்கிற ஆள் நான். பேஸ்மென்டில் ஒரு சின்னக் கூடாரம், ஒரு எல்இடி விளக்கு, ஒரு மின்விசிறி. அங்கேதான் இந்தச் செடிகள். கறிவேப்பிலைத் தொட்டி எதிர் மூலையில், கூடாரத்துக்கு வெளியே. கோடையில் வெளியே இருந்த கறிவேப்பிலையை உள்ளே கொண்டுவரும்போது செஞ்சிலந்திப் பேன் கூடவே வந்துவிடும். கஞ்சா இலை அதற்கு விருந்து. இரண்டையும் ஒரே விளக்கின் கீழ் வைக்கலாமே, மின்சாரம் மிச்சம் என்று நினைக்கத் தோன்றும். வைக்காதீர்கள்.

கஞ்சாவில் சாதாரண ரகங்கள் இரவின் நீளத்தைப் பார்த்துப் பூப்பவை. நாளுக்கு 18 மணி நேரம் விளக்கு எரிந்தால் இலையும் தண்டுமாக வளர்ந்துகொண்டே இருக்கும். அதை 12 மணி நேரமாகக் குறைத்து, மீதி 12 மணி நேரம் கும்மிருட்டாக வைத்தால் பூக்கத் தொடங்கும். அதாவது எப்போது பூக்க வேண்டும் என்பதை வளர்ப்பவர் முடிவு செய்கிறார். விளக்கின் டைமரைத் திருப்பிய தேதி தெரியும், அங்கிருந்து வாரங்களை எண்ணிக்கொள்ளலாம்.

ஆட்டோ ரகங்களில் அந்தத் தேதி நம் கையில் இல்லை. விளக்கு 18 மணி நேரம் எரிந்தாலும், 20 மணி நேரம் எரிந்தாலும், வயது வந்ததும் அது தானாகப் பூத்துவிடும். இந்தக் குணம் ருடராலிஸ் என்கிற குட்டையான காட்டுக் கஞ்சாவிலிருந்து வந்தது. 1924இல் ரஷ்யத் தாவரவியலாளர் யானிஷெவ்ஸ்கி அதைத் தனி இனமாக விவரித்தார். குறுகிய கோடையும் நீண்ட பகலும் உள்ள இடத்தில், இரவு நீளும் வரை காத்திருந்தால் பனி முந்திக்கொள்ளும். அதனால் காத்திருக்காமல் பூக்கிற செடிகள் அங்கே பிழைத்தன. அதைப் பெரிய பூ தரும் ரகங்களோடு கலந்து, 2000களின் தொடக்கத்தில் லோரைடர் என்ற முதல் வணிக ஆட்டோ ரகம் வந்தது. இன்று கடையில் கிடைப்பவை அதற்கு அப்புறம் பல தலைமுறை தாண்டியவை.

தானாகப் பூக்கும் குணம் ஒடுங்கு குணம். தாய், தந்தை இரண்டிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். சாதாரண ரகத்தோடு ஒருமுறை கலந்தால் முதல் தலைமுறையில் மறைந்துகொள்ளும், அவற்றைத் தமக்குள் மறுபடி கலந்தால் நான்கில் ஒன்றில் வெளியே வரும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒரு பாக்கெட்டில் உள்ள விதைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. பூக்கும் குணத்தை நிலைப்படுத்தியிருப்பார்கள், ஆனால் எந்த வாரம் பூக்கும் என்பது விதைக்கு விதை மாறும். ஒரே நாளில், ஒரே மண்ணில் போட்ட இரண்டில் ஒன்று மூன்றாவது வாரக் கடைசியிலேயே பூக்கத் தயாராகும், இன்னொன்று ஐந்தாவது வாரம் வரை இலை விட்டுக்கொண்டிருக்கும். இரண்டுமே ஆரோக்கியமான செடிகள்தான்.

இங்கேதான் பாக்கெட்டில் அச்சடித்த எண் குழப்புகிறது. '70 நாள்' என்று போட்டிருப்பார்கள். எந்த நாளிலிருந்து? விதையை ஈரத்தில் வைத்த நாளா, முளை மண்ணுக்கு மேல் வந்த நாளா, முதல் பூ தெரிந்த நாளா? விற்பவருக்கு விற்பவர் கணக்கு வேறு. வேகமான செடியின் நாளைத்தான் அச்சடிப்பார்கள் என்பது என் சந்தேகம். பெரும்பாலான ஆட்டோக்கள் முளையிலிருந்து அறுவடை வரை 8 முதல் 12 வாரம் எடுக்கின்றன. ஒரு மாதம் முன்பின் ஆகலாம் என்றால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால் நான் நாள்காட்டியில் முளைத்த தேதியை மட்டும் குறித்து வைக்கிறேன். மற்றதெல்லாம் செடியில் பார்த்துத்தான்.

பருவம் தெரிந்தால் என்ன லாபம் என்று கேட்கலாம். ஒரே அறிகுறிக்குப் பருவத்துக்குப் பருவம் அர்த்தம் மாறும் என்பதுதான் காரணம். அடியிலையில் மஞ்சள் தெரிகிறது என்று வையுங்கள். முளைத்த இரண்டு மூன்று வாரத்தில் வித்திலை, அதாவது முளையோடு முதலில் விரிந்த இலை, மஞ்சளாகி உதிர்ந்தால் அது வேலை முடிந்து போகிறது, விட்டுவிடலாம். செடி விறுவிறுவென்று உயரும்போது கீழ் இலைகள் மஞ்சளானால் தழைச்சத்து போதவில்லை, உரம் கேட்கிறது. கடைசி வாரங்களில் அதே மஞ்சள் வந்தால், பழைய இலையில் சேமித்ததை எடுத்துப் பூவுக்கு அனுப்புகிறது. அப்போது தழைச்சத்து உரம் ஊற்றினால் செடிக்கு அது தேவையில்லாத சாப்பாடு. பருவம் தெரியாமல் இலையின் படத்தை மட்டும் வைத்து வைத்தியம் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

முளைப்பு பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் இரண்டு மூன்று நாளில் வெள்ளை வேர் நீட்டும், அப்புறம் சில நாளில் வழவழப்பான, முட்டை வடிவ வித்திலைகள் இரண்டு விரியும். ஆட்டோவைக் கடைசி வரை இருக்கப்போகும் தொட்டியிலேயே நேரடியாகப் போட்டுவிடுவது நல்லது. 11 லிட்டர் தொட்டி போதும். சாதாரண ரகத்தில் மாற்று நடவின்போது ஒரு வாரம் வேர் திகைத்து நின்றாலும் இலைப் பருவத்தை நீட்டி ஈடு கட்டலாம். ஆட்டோ நமக்காகக் காத்திருக்காது. திகைத்த வாரம் போனது போனதுதான்.

வித்திலைக்கு அடுத்து வருவது ஓரம் ரம்பமாக வெட்டுப்பட்ட முதல் உண்மை இலை. அதில் விரல் போன்ற பிரிவு ஒன்றே ஒன்று. அடுத்த சோடியில் மூன்று விரல், அப்புறம் ஐந்து, சில செடிகளில் ஏழு. மூன்று விரல் இலை முழுதாக விரியும் வரை நாற்று என்றுதான் நடத்த வேண்டும். தொட்டி முழுவதும் தண்ணீர் ஊற்றக் கூடாது, தண்டைச் சுற்றி ஒரு வட்டம் போதும். காற்றில் ஈரப்பதம் 65, 70 சதவீதம் இருந்தால் அதற்குப் பிடிக்கும். குளிர்காலத்தில் வீட்டு ஹீட்டர் காற்றைக் காயவைத்துவிடும் என்பதால் இங்கே இது சும்மா வருகிற விஷயமில்லை. வித்திலைக்குக் கீழே உள்ள தண்டு நூலாக நீண்டு சாய்ந்தால் விளக்கு தூரத்தில் இருக்கிறது. இலை ஓரங்கள் படகு போல மேலே மடங்கினால் விளக்கு கிட்டத்தில் இருக்கிறது, அல்லது சூடு அதிகம்.

ஐந்து விரல் இலை வந்துவிட்டதென்றால் இலைப்பருவம். இந்தக் கட்டத்தில் நான் உயரத்தை அளப்பதில்லை. கணுக்களைத்தான் எண்ணுகிறேன். உயரம் ஏமாற்றும். வெளிச்சம் போதாத செடியும் உயரும், நன்றாக வளர்கிற செடி குட்டையாக, கணு நெருங்கி, அகலமாக இருக்கும். ஒவ்வொரு கணுவிலும் இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே இருக்கின்றனவா, கக்கத்திலிருந்து பக்கக் கிளை எட்டிப் பார்க்கிறதா என்று பார்த்தால் போதும். இரண்டும் ஆம் என்றால் செடி இன்னும் இளமையில்தான் இருக்கிறது.

வளைத்துக் கட்டுவதென்றால் இதுதான் நேரம். தண்டு இன்னும் பச்சையாக, வளையும் தன்மையோடு இருக்கும். நுனியை மெதுவாகப் பக்கவாட்டில் சாய்த்துத் தொட்டி விளிம்பில் கட்டினால் கீழ்க் கிளைகளுக்கும் வெளிச்சம் போகும். நுனி கிள்ளுவதை ஆட்டோவில் நான் செய்வதில்லை. செய்து நல்ல பலன் எடுப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் எத்தனை நாள் இலைப்பருவம் மிச்சம் என்று தெரியாத செடியில் வெட்டுக்காயம் வைக்க எனக்கு மனம் வரவில்லை. தண்ணீருக்குத் தொட்டியைத் தூக்கிப் பார்ப்பதைவிட நல்ல கருவி இல்லை. தொட்டி கனமாக இருந்தும் இலை தொங்கினால் தண்ணீர் அதிகம். தொட்டி லேசாகி, இலை துவண்டு தொங்கினால் தாகம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். மூன்றாவது வாரத்திலிருந்து ஐந்தாவது வாரத்துக்குள் ஏதோ ஒரு நாளில் செடி இலைப்பருவத்தை முடித்துக்கொள்ளும். மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கீழிருந்து நான்காவது, ஐந்தாவது கணுவில், இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் பாருங்கள். ஈட்டி முனை போல மெல்லிய பச்சைச் செதில் ஒன்று இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் இதைப் பார்த்துத்தான் 'பூத்துவிட்டது' என்று துள்ளுவார்கள். அது பூ இல்லை. அது இலையடிச் செதில், எல்லாக் கணுவிலும் இருக்கும், இலைப்பருவத்திலும் இருக்கும். அந்தச் செதிலுக்குப் பின்னால், அதற்கும் தண்டுக்கும் நடுவே, ஒரு சின்னப் பச்சைப் பை புடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடி பருத்து நுனி கூம்பிய பை, அதன் நுனியிலிருந்து வெள்ளையாக இரண்டு முடிகள் பிரிந்து நீண்டால் அது பெண் பூ. அந்த முடிகள் மகரந்தத்தைப் பிடிக்கக் காத்திருக்கும் சூல்முடிகள். முடியே இல்லாமல், குட்டிக் காம்பின் மேல் உருண்டையாக ஒரு மணி இருந்தால் ஆண்.

பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். தக்காளி, மிளகாய் விதையெல்லாம் எங்களுக்குள் கைமாறும். அவர் ஒருநாள் கீழே வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இது ஆண் கண்டோ பெண் கண்டோ எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

"இப்போ சொல்ல முடியாதுண்ணே. கணுவிலே பூ எட்டிப் பார்க்கணும்."

"அப்ப எங்கட பனை மாதிரித்தான். பூக்கிற வரைக்கும் சொல்லேலாது. ஆனா பனைக்கு வருசக்கணக்கில பொறுக்க வேணும். உனக்கு ஒரு மாசம். கெட்டிக்காரன்தான்!"

அவர் சொன்னது சரிதான். பனையைப் போலவே கஞ்சாவிலும் ஆண் தனி, பெண் தனி. பிசின் நிறைந்த பூ பெண் செடியில்தான். இன்று கடையில் விற்கும் ஆட்டோ விதைகளில் பெரும்பாலானவை பெண்ணாக்கப்பட்டவை, ஆண் செடி வருவது அரிது. ஆனாலும் பார்க்கத்தான் வேண்டும். வெப்பம், வெளிச்ச அதிர்ச்சி போன்ற காரணங்களால் சில பெண் செடிகள் பூக்கொத்துக்கு நடுவே மஞ்சளாக, வாழைப்பழ வடிவில் மகரந்தத் தண்டுகளை நீட்டும். ஒன்று போதும், கூடாரத்தில் இருக்கும் மற்றவற்றிலும் விதை பிடித்துவிடும். கணுவைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் இது தானாகக் கண்ணில் படும்.

முதல் வெள்ளை முடி தெரிந்த நாளைத்தான் நான் இரண்டாவது தேதியாகத் தொட்டியில் எழுதி ஒட்டுகிறேன். ஒவ்வொரு தொட்டிக்கும் தனித்தனியாக. இதற்கு மேல் நான்கு செடிகளுக்கும் பொதுவான நாள்காட்டி கிடையாது.

கூடவே இன்னொரு மாற்றமும் நடக்கும், அதைப் பலர் கவனிப்பதில்லை. அதுவரை எதிரெதிரே வந்த இலைகள், உச்சியை நோக்கிப் போகப்போக ஒன்று விட்டு ஒன்றாக, மாறி மாறி வர ஆரம்பிக்கும். கணுவை நன்றாகப் பார்க்கக் கண்பார்வை ஒத்துழைக்காதவர்களுக்கு இது ரொம்ப உதவும். தண்டை எட்டி நின்று பார்த்தாலே தெரியும். இலைகள் ஏறுமாறாக வருகின்றன என்றால் செடி வயதுக்கு வந்துவிட்டது.

அடுத்த இரண்டு மூன்று வாரம் செடி கிடுகிடுவென்று உயரும். வெள்ளை முடி தெரிந்தபோது இருந்த உயரத்தைப் போல இரண்டு மடங்கு ஆவது சாதாரணம். இந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் நிறையப் பேர் 'இலைப்பருவம் இப்போதுதான் சூடு பிடிக்கிறது' என்று நினைத்துத் தழைச்சத்து உரத்தைக் கூட்டுவார்கள். உண்மையில் அது பூப்பருவத்தின் முதல் பாதி. உயரும்போது கொஞ்சம் தழைச்சத்து தேவைதான், ஆனால் கூடுதலாகப் போனால் இலை கரும்பச்சையாகப் பளபளத்து, நுனி கழுகு நகம் போலக் கீழே வளையும். அப்படி வளைந்தால் உரத்தை நிறுத்திவிட்டு வெறும் தண்ணீர். ஆட்டோக்கள் பொதுவாகக் குறைவாகச் சாப்பிடுபவை. புட்டியில் எழுதியிருக்கும் அளவில் பாதியில் தொடங்கி, செடி கேட்டால் கூட்டுவது என் வழக்கம். பூக்கும் உரத்துக்கு மாறுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாம். விளக்கை உயர்த்த மறக்கக் கூடாது. நேற்று இருந்த இடைவெளி இன்று இருக்காது.

மின்கட்டணம் பற்றி ஒரு இடைச்செருகல். ஒன்டாரியோவில் நேரத்துக்கு ஏற்ற கட்டண முறையில் இருப்பவர்களுக்குக் கோடையில் வார நாட்களில் காலை 11 முதல் மாலை 5 வரைதான் மின்சாரம் அதிக விலை. சரியாக 6 மணி நேரம். 18 மணி நேரம் விளக்கு, 6 மணி நேரம் இருட்டு என்கிற கணக்குக்கு அளவெடுத்துத் தைத்தது போல! இருட்டை அந்த நேரத்துக்குத் தள்ளிவிட்டால் செலவும் குறையும், நடுப்பகல் வெப்பத்தில் விளக்குச் சூடும் சேராது. குளிர்காலத்தில் அதிக விலை காலை 7 முதல் 11 வரையும், மாலை 5 முதல் 7 வரையும். அப்போது காலை 7 மணிக்கு விளக்கை அணைத்து 1 மணிக்குப் போடலாம். சாதாரண ரகத்தில் இப்படி நேரத்தை நகர்த்தும்போது இரவு நீளத்தை யோசிக்க வேண்டும், ஆட்டோவுக்கு அந்தக் கவலை இல்லை.

உயரம் நின்றுவிட்டது என்பதுதான் அடுத்த எல்லைக்கல். சில நாட்கள் தொடர்ந்து விளக்கை உயர்த்தத் தேவைப்படவில்லை என்றால் ஓட்டம் முடிந்தது. கணுக்களில் தனித்தனியாக இருந்த வெள்ளை முடிகள் கொத்துக் கொத்தாகச் சேரும். உச்சியில் வரும் புது இலைகளில் விரல்கள் குறைந்துகொண்டே வரும். ஏழு, ஐந்து, மூன்று, கடைசியில் பூக்கொத்துக்குள் ஒற்றை விரல் இலை. முளைத்த கதை தலைகீழாக நடப்பதைப் பார்க்க எனக்கு எப்போதும் பிடிக்கும். வாசனையும் இந்தச் சமயத்தில்தான் கனக்கத் தொடங்கும். கரி வடிகட்டியை மாட்டாமல் வைத்திருப்பவர்களுக்கு வீட்டில் உள்ளவர்களே தேதி சொல்லிவிடுவார்கள். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் கூடாரம் இருக்கும் அறைக்கு முதல் நாளிலிருந்தே பூட்டு இருக்க வேண்டும், வாசனை வந்த பிறகு இல்லை.

பூ பருக்கும் வாரங்களில் செடி வெளியே பெரிதாக எதுவும் காட்டாது. நாளுக்கு நாள் வித்தியாசம் தெரியாது. இந்த மௌனத்தில்தான் கைகள் அரிக்கும்: இலையைக் கிள்ளலாமா, உரத்தை மாற்றலாமா என்று. பூவை மறைக்கும் ஓரிரு பெரிய இலைகளை எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பார்க்க வேண்டியது ஈரப்பதத்தை. நாற்றுக்குப் பிடித்த ஈரம் இப்போது எதிரி. 50 சதவீதத்துக்குக் கீழே வைத்தால் நல்லது. அடர்ந்த பூக்கொத்தில் ஒரே ஒரு சின்ன இலை மட்டும் காரணமில்லாமல் காய்ந்து, இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தால், உள்ளே சாம்பல் பூஞ்சை புகுந்திருக்கிறது. பூவைப் பிரித்துப் பாருங்கள். தெரிந்தால் அந்தக் கொத்தை அதற்கும் கீழே வரை வெட்டிக் குப்பையில் போட வேண்டும், பூஞ்சைப் பகுதியை மட்டும் கிள்ளிவிட்டு மீதியை வைத்துக்கொள்வது ஆபத்து.

பழுத்துவிட்டதா என்பதுதான் கடைசிக் கேள்வி, அதிகம் அவசரப்படுவதும் இங்கேதான். வெள்ளை முடிகள் ஆரஞ்சாகி, பழுப்பாகி, சுருண்டு உள்ளே போகும். பாதிக்கு மேல் அப்படி ஆனால் பழுக்கத் தொடங்கிவிட்டது என்பது பழைய கணக்கு. முதல் அறிகுறியாக அது சரி, தீர்ப்பாக இல்லை. முடி நிறம் மாற வேறு காரணங்களும் உண்டு. மகரந்தம் பட்டால் முடி சீக்கிரமே வாடும். அடிக்கடி கையால் தொட்டாலும், வெப்பம் அதிகமானாலும் அப்படித்தான். எதிர்ப்பக்கமும் நடக்கும்: பழுக்க வேண்டிய நேரத்தில், உச்சிக்கு மிக அருகில் விளக்கு இருந்தால், பழுத்த கொத்தின் மேல் புதிதாக வெள்ளை முடிகள் கோபுரம் கோபுரமாக எழும். அதைப் பார்த்து 'இன்னும் வளர்கிறது' என்று காத்திருந்தால் கீழே இருப்பது முற்றிப்போகும்.

முடியை விட நம்பகமானவை பிசின் சுரப்பிகள். டிரைக்கோம் என்று கடைகளில் சொல்வார்கள். வெறும் கண்ணுக்குச் சர்க்கரை தூவியது போல் தெரிவதை 60 மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸில் பார்த்தால், ஒவ்வொன்றும் தண்டும் தலையுமாகக் காளான் வடிவில் நிற்கும். தலை கண்ணாடி போலத் தெளிவாக இருந்தால் இன்னும் பிஞ்சு. பால் போலக் கலங்கியிருந்தால் உச்சம். தேன் நிறமாக மாறினால் உச்சம் தாண்டி, போதை தரும் பொருளான டிஎச்சி சிதையத் தொடங்குகிறது. தெளிந்தது ஏறக்குறைய மறைந்து, பெரும்பகுதி பாலாக, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேன் தெரியும்போது நான் வெட்டுகிறேன். சிலர் தேன் நிறம் இன்னும் கூடட்டும் என்று விடுவார்கள். அது அவரவர் விருப்பம்.

எதில் பார்க்கிறோம் என்பது முக்கியம். பூக்கொத்திலிருந்து நீட்டியிருக்கும் சின்ன இலைகளில் உள்ள சுரப்பிகள் பூவை முந்திக்கொண்டு தேன் நிறமாகிவிடும். அதை வைத்து முடிவெடுத்தால் பூ பிஞ்சிலேயே கைக்கு வரும். வெள்ளை முடி எழுகிற அந்தப் பச்சைப் பையின் மேல்தான் பார்க்க வேண்டும். செடி விளக்கின் கீழேயும் பார்க்கக் கூடாது. மஞ்சள் கலந்த எல்இடியில் எல்லாமே தேன் நிறமாகத்தான் தெரியும். விளக்கை அணைத்துவிட்டு வெள்ளை டார்ச்சில் பாருங்கள். கை ஆடினால் லென்ஸில் ஒன்றும் பிடிபடாது. பூவின் ஒரு சின்னத் துண்டை நகத்தால் கிள்ளி மேசையில் வைத்துக்கொண்டு, கைபேசிக் கேமராவை லென்ஸின் மேல் வைத்துப் படம் எடுத்து, அப்புறம் நிதானமாகப் பெரிதாக்கிப் பார்த்தால் வேலை சுலபம்.

உச்சியும் அடியும் ஒரே நாளில் பழுப்பதில்லை. விளக்குக்கு அருகில் உள்ளவை முந்தும். உச்சிக் கொத்துக்களை முதலில் வெட்டிவிட்டு, கீழே உள்ளவற்றுக்கு இன்னும் ஒரு வாரம் விளக்குக் கொடுப்பதில் தவறில்லை. வெட்டியதை இருட்டில், 18 டிகிரி வாக்கில், 55 முதல் 60 சதவீத ஈரப்பதத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டால் 10 நாள் முதல் இரண்டு வாரத்தில் காயும். சின்னக் காம்பு வளையாமல் 'டக்' என்று ஒடிந்தால் கண்ணாடி ஜாடிக்கு மாற்றலாம். வீட்டை விட்டு வெளியே கொண்டுபோனால் ஒருவர் கையில் 30 கிராம் காய்ந்த பூதான் சட்டம் அனுமதிக்கும் அளவு.

நான்கையும் ஒரே நாளில் விதைப்பதை இப்போது விட்டுவிட்டேன். இரண்டைப் போட்டு, அவற்றில் வெள்ளை முடி தெரிந்த பிறகு மற்ற இரண்டைப் போடுகிறேன். ஒரே கூடாரத்தில் பூத்த செடியும் நாற்றும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், எதிரெதிர் இலைக்கும் மாறி மாறி வரும் இலைக்கும், செதிலுக்கும் பூவுக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆட்டோ என்பதால் இரண்டு வயதுக்கும் ஒரே 18 மணி நேர விளக்கு போதும். உயரம் மட்டும் இடிக்கும். நாற்றுத் தொட்டிக்குக் கீழே ஒரு பால் கிரேட்டைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இரண்டு இலை விட்ட நாற்றும் சட்டத்தின் கணக்கில் ஒரு செடிதான். ஐந்தாவது விதை முளைக்க வேண்டுமென்றால் முதலில் ஒரு தொட்டி காலியாக வேண்டும்.